போரும் பொய்ச்சாட்சியும்: கண்டதைச் சொன்னவர்கள்



எட்டாம் கற்பனை எது என்று கேட்டால், ஞானோபதேச வகுப்புக்குப் போகும் எந்தப் பிள்ளையும் தயங்காமல் விடை சொல்லும். பொய்ச்சாட்சி சொல்லக்கூடாது என்பதே அது. ஆனால் அதே பிள்ளையிடம், "சொல்ல வேண்டிய சாட்சியைச் சொல்லாமல் விடுவதும் இந்தக் கற்பனைக்கு எதிரான பாவமா?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை தகப்பனின் முகத்தைப் பார்க்கும். தகப்பன் தாயின் முகத்தைப் பார்ப்பார். பெரியவர்களாகிய எங்களுக்கே இதற்கு விடை சொல்வது இலகுவல்ல.

சாதாரண நாட்களில் இந்தக் கேள்வி எங்களை அதிகம் தொந்தரவு செய்வதில்லை. போர்க் காலத்திலேதான் அது முள்ளாகக் குத்துகிறது. போரில் முதலில் சாவது உண்மை என்று சொல்வார்கள். அது முற்றாகச் சரியல்ல. உண்மை சாவதில்லை, அதைப் புதைக்கிறார்கள். யாராவது ஒருவர் வந்து, "நான் கண்டேன்" என்று சொல்லும்வரை அது மண்ணுக்குள் கிடக்கிறது. அவ்வாறு சொன்ன மூவரைப் பற்றி இந்த வாரம் படிப்போம். அவர்களில் ஒருவர் விமானி, ஒருவர் போர்முனையிலிருந்து திரும்பிய இளைஞர், ஒருவர் பத்திரிகையாளர். அவர்கள் அமெரிக்கர்கள், நடந்த இடம் வியட்நாம். ஆனால் பாடம் எல்லோருக்கும் உரியது.

உரியாவின் மரண அறிக்கை

முதலில் வேதாகமத்தைத் திறப்போம். சாமுவேலின் இரண்டாம் நூல், 11ஆம் அதிகாரம். தாவீது அரசன் தன் படைவீரனான உரியாவின் மனைவியை அபகரித்தான். அந்தக் குற்றம் வெளியே தெரியாதிருக்க வேண்டுமானால் உரியா சாகவேண்டும். அரசன் கத்தியை எடுக்கவில்லை. ஒரு கடிதம் எழுதினான். போர் உக்கிரமாக நடக்கும் இடத்தில் உரியாவை நிறுத்திவிட்டு மற்றவர்கள் பின்வாங்கவேண்டும் என்பது அதில் இருந்த கட்டளை. அந்தக் கடிதத்தை உரியாவின் கையிலேயே கொடுத்துத் தளபதி யோவாபிடம் அனுப்பினான்.

சில நாட்களில் போர்முனையிலிருந்து தூதன் வந்தான். சண்டையில் சிலர் மாண்டனர், உரியாவும் மாண்டான் என்று அறிவித்தான். அரசன், போரென்றால் இப்படித்தான், வாள் யாரையும் பார்த்து வெட்டுவதில்லை என்ற கருத்தில் மறுமொழி சொல்லியனுப்பினான். கோப்பு மூடப்பட்டது. ஒரு கொலை, போர்க்கள மரணமாகப் பதியப்பட்டது. அறிக்கையில் இருந்த ஒவ்வொரு சொல்லும் உண்மை: சண்டை நடந்தது உண்மை, உரியா மாண்டது உண்மை. ஆயினும் முழு அறிக்கையும் பொய். போர்க்காலப் பொய்களில் மிகவும் ஆபத்தானது இந்த வகைதான்.

நாத்தான் இறைவாக்கினர் அரச மாளிகைக்குள் போய், அரசனின் முகத்துக்கு நேரே அதை வெளிப்படுத்தாதிருந்தால் உரியாவின் கதை அத்தோடு முடிந்திருக்கும். முடியவில்லை. எத்தனையோ நூற்றாண்டுகளின் பின் மத்தேயு நற்செய்தியாளர் ஆண்டவரின் வம்ச வரலாற்றை எழுதும்போது, சாலமோனின் தாயை அவளுடைய பெயரால் குறிப்பிடாமல் உரியாவின் மனைவி என்றே குறிப்பிடுகிறார். கொன்றவன் மறைக்க விரும்பிய பெயர், மீட்பரின் வம்ச அட்டவணையிலேயே நிலைத்துவிட்டது. சொல்லப்பட்ட உண்மையின் ஆயுள் எவ்வளவு நீண்டது என்பதை இதிலிருந்து அறிகிறோம்.

மை லாயில் நடந்தது

தாவீதின் காலத்திலிருந்து எங்கள் காலத்துக்கு வருவோம். 1968ஆம் ஆண்டு மார்ச் மாதம் 16ஆம் திகதி; தவக்காலத்தின் ஒரு சனிக்கிழமை. தென் வியட்நாமில் குவாங் ங்காய் மாகாணத்தில் சொன் மி என்ற கிராமம். அதன் ஒரு பகுதியை அமெரிக்க இராணுவ வரைபடங்கள் மை லாய் என்று குறித்திருந்தன. காலை ஏழரை மணியளவில் ஹெலிகொப்டர்களில் வந்திறங்கிய சார்ளி கம்பனி என்ற படைப்பிரிவினருக்கு, அங்கே எதிரியின் பலமான படையொன்று இருப்பதாகச் சொல்லப்பட்டிருந்தது. பொதுமக்கள் அந்நேரம் சந்தைக்குப் போயிருப்பார்கள் என்றும் சொல்லப்பட்டிருந்தது.

எதிரிப் படை அங்கே இருக்கவில்லை. காலை உணவுக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த முதியவர்களும் பெண்களும் பிள்ளைகளும் கைக்குழந்தைகளுமே இருந்தார்கள். சில மணி நேரத்துக்குள் அவர்களை வீடுகளிலும் பாதைகளிலும் ஒரு நீர்ப்பாசன வாய்க்காலிலும் வைத்துச் சுட்டுக் கொன்றார்கள். அமெரிக்க இராணுவம் பின்னர் எடுத்த கணக்கின்படி 347 பேர்; வியட்நாம் மக்களின் கணக்கின்படி 504 பேர். படையினரை நோக்கி எதிர்ப்புச் சூடு எதுவும் வரவில்லை. அன்று காயமடைந்த ஒரேயொரு அமெரிக்கச் சிப்பாயின் காலில் பட்டதும் அவருடைய சொந்தத் துப்பாக்கியின் சன்னமே.

இராணுவம் வெளியிட்ட அறிக்கையோ வேறு. எதிரிகள் 128 பேர் கொல்லப்பட்டனர், மூன்று ஆயுதங்கள் கைப்பற்றப்பட்டன என்று அது கூறியது. படைத்தளபதி ஜெனரல் வெஸ்ற்மோலண்டின் பாராட்டும் அந்தப் படைப்பிரிவுக்குக் கிடைத்தது. 128 எதிரிகள், மூன்று துப்பாக்கிகள்! மிகுதி 125 பேரும் எதை வைத்துச் சண்டை செய்தார்கள்? கணக்குத் தெரிந்த ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை கேட்கக்கூடிய இந்தக் கேள்வியை அன்று யாரும் பகிரங்கமாகக் கேட்கவில்லை. சில வாரங்களின் பின் பிரிகேட் தளபதி எழுதிய அறிக்கை, பீரங்கிச் சூட்டின் இடையே அகப்பட்டுத் தவறுதலாக இருபது பொதுமக்கள் இறந்ததாகக் கூறி விடயத்தை மூடிவிட்டது. உரியாவின் மரண அறிக்கை மறுபடியும் எழுதப்பட்டது.

விமானி

அன்று காலை அந்தக் கிராமத்தின் மேலே சிறிய ஹெலிகொப்டர் ஒன்றில் ஹியூ தொம்சன் என்ற 24 வயது விமானி பறந்துகொண்டிருந்தார். அவருடன் 20 வயதுடைய கிளென் அன்ட்ரியோட்டாவும், 18 வயதுடைய லோறன்ஸ் கோல்பேணும் இருந்தனர். காயப்பட்டுக் கிடந்த மக்களைக் கண்ட தொம்சன், உதவி கிடைக்கட்டும் என்று புகைக்குண்டு போட்டு இடத்தை அடையாளம் காட்டினார். திரும்பி வந்து பார்த்தபோது அந்தக் காயக்காரர்கள் பிணமாகக் கிடந்தார்கள். உதவி கேட்டு வைத்த அடையாளம் சாவுக்கு அடையாளமாகிப்போனது.

பின்னர் ஒரு பதுங்குகுழியில் ஒளிந்திருந்த மக்களை நோக்கிச் சிப்பாய்கள் போவதைக் கண்டார். உடனே ஹெலிகொப்டரை இரு தரப்புக்கும் நடுவே இறக்கினார். "எங்கள் ஆட்கள் இந்தச் சனங்கள் மீது சுட்டால், நீங்கள் எங்கள் ஆட்களைச் சுடுங்கள்" என்ற கருத்தில் தம் துணைவர்களுக்குக் கட்டளையிட்டுவிட்டு, தாம் இறங்கிப்போய் அந்த மக்களை வெளியே அழைத்துவந்தார். பத்துப் பேரளவில் இருந்த அவர்களை ஏற்றிச்செல்ல வேறு ஹெலிகொப்டர்களை அழைத்தார். வாய்க்காலில் பிணங்களின் நடுவே அசைவு தெரிந்தது. அன்ட்ரியோட்டா அதற்குள் இறங்கி உயிரோடிருந்த ஒரு பிள்ளையைத் தூக்கிவந்தார். அந்தப் பிள்ளையை வைத்தியசாலையில் சேர்த்தார்கள்.

முகாமுக்குத் திரும்பியதும் தொம்சன் தாம் கண்டதை மேலதிகாரிகளிடம் கோபத்தோடு முறையிட்டார். கொலையை நிறுத்தும்படி உத்தரவு போனதற்கு அவருடைய முறைப்பாடும் காரணமாயிற்று. ஆனால் அதன் பின் அவருடைய சாட்சியம் மேலே ஏறவில்லை. அன்ட்ரியோட்டா மூன்று வாரங்களில் போரில் மாண்டார். தொம்சனுக்கு ஒரு பதக்கம் கொடுத்தார்கள். இருதரப்புச் சூட்டின் நடுவிலிருந்து ஒரு பிள்ளையைக் காப்பாற்றியதாக அதன் பத்திரம் கூறியது. இருதரப்புச் சூடு என்பதே பொய் அல்லவா? அவர் அந்தப் பதக்கத்தை எறிந்துவிட்டார். பொய் சேர்த்துத் தரப்படும் புகழை வேண்டாமென்று எறிவதும் எட்டாம் கற்பனையைக் கடைப்பிடிப்பதன் ஒரு பகுதியே.

கடிதம் எழுதிய இளைஞர்

றொன் றைடனவர் என்ற இளைஞர் அன்று மை லாயில் இருக்கவில்லை. அதே போர்முனையில் வேறொரு பிரிவில் பணிசெய்தவர். சில வாரங்களின் பின் நண்பர் ஒருவர் வாயிலாக நடந்ததைக் கேள்விப்பட்டார். கேட்டதை நம்ப முடியவில்லை. கேட்காதது போல் இருக்கவும் முடியவில்லை. ஆகவே அங்கே இருந்த வேறு சிப்பாய்களைத் தேடித்தேடிப் பேசினார். ஒவ்வொருவர் சொன்னதும் மற்றவர் சொன்னதோடு பொருந்தியது.

நாடு திரும்பிய பின், 1969 மார்ச் 29ஆம் திகதி, 22 வயதான அவர் ஒரு நீண்ட கடிதம் எழுதி ஜனாதிபதி நிக்சனுக்கும் பாதுகாப்பு அமைச்சுக்கும் காங்கிரஸ் உறுப்பினர்களுக்குமாக ஏறத்தாழ முப்பது பேருக்கு அனுப்பினார். அந்தக் கடிதம் எழுதப்பட்ட முறையை நாங்கள் கவனிக்கவேண்டும். யாரிடமிருந்து எதைக் கேட்டார் என்பதைத் தனித்தனியே எழுதினார். தாம் நேரில் காணாததைக் கண்டதாகச் சொல்லவில்லை. நடந்தது முழுவதும் தமக்கு நிச்சயமாகத் தெரியாது என்றும், ஆனால் மிகக் கொடிய ஏதோ ஒன்று நடந்தது என்பதில் தமக்கு ஐயமில்லை என்றும் எழுதி, விசாரணை வேண்டுமென்று கேட்டார். கீழே தம் சொந்தப் பெயரை எழுதி ஒப்பமிட்டார். மொட்டைக் கடிதம் அல்ல.

பெரும்பாலான கடிதங்கள் என்னவாயின என்று கேட்காதீர்கள். ஆனால் ஒருசிலர் அதைத் தட்டிக்கழிக்கவில்லை. இராணுவம் விசாரணை தொடங்கியது. 1969 செப்டெம்பர் 5ஆம் திகதி, அந்தப் படைப்பிரிவின் லெப்டினன்ட் வில்லியம் கலி மீது கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. எனினும் வெளியே வந்த செய்தியோ சில வரிகள் மட்டுமே. பத்திரிகைகள் அதைப் பக்கத்தின் மூலையில் போட்டன; வாசகர்கள் பக்கத்தைப் புரட்டினார்கள்.

பத்திரிகையாளர்

சீமோர் ஹேர்ஷ் என்ற 32 வயதுப் பத்திரிகையாளர் அப்போது எந்தப் பெரிய பத்திரிகையிலும் வேலையில் இல்லை. தனித்து எழுதி வாழ்ந்தவர். 1969 ஒக்டோபரில் ஒரு சட்டத்தரணியிடமிருந்து அவருக்குத் துப்புக் கிடைத்தது. பெயர்கூடச் சரியாகத் தெரியாத நிலையில் விசாரித்து விசாரித்து, குற்றஞ்சாட்டப்பட்டவரின் சட்டத்தரணியைக் கண்டுபிடித்தார். பின் ஜோர்ஜியா மாநிலத்தில் உள்ள பென்னிங் இராணுவ முகாமுக்குப் போய், பகல் முழுவதும் தேடியலைந்து, இரவிலே கலியை நேரில் சந்தித்துப் பேசினார்.

கட்டுரை ஆயத்தமானது. நாட்டின் பெயர்பெற்ற இரு சஞ்சிகைகள் அதைப் பிரசுரிக்க மறுத்துவிட்டன. கடைசியில் நண்பர் ஒருவர் நடத்திய சின்னஞ்சிறு செய்தி நிறுவனம் அதை நாட்டின் பத்திரிகைகளுக்கு அனுப்பியது. 1969 நவம்பர் 13ஆம் திகதி முப்பதுக்கு மேற்பட்ட பத்திரிகைகளில் அது வெளிவந்தது. ஒரு வாரத்தின் பின், இராணுவப் படப்பிடிப்பாளர் றொனால்ட் ஹேபர்லி அன்று தம் சொந்தக் கமராவில் எடுத்திருந்த படங்களை கிளீவ்லண்ட் நகரின் பத்திரிகையொன்று பிரசுரித்தது. பாதையில் குவிந்து கிடந்த பெண்களையும் குழந்தைகளையும் உலகம் கண்டது. அதன் பின் 128 எதிரிகள் என்ற அறிக்கையை யாராலும் காப்பாற்ற முடியவில்லை.

கொலையில் ஈடுபட்ட சிப்பாய் ஒருவர் தொலைக்காட்சியில் தோன்றித் தம் வாயாலேயே ஒப்புக்கொண்டார். அவருடைய தாய், தான் இராணுவத்துக்குக் கொடுத்தது ஒரு நல்ல பிள்ளையை என்றும், அவர்கள் அவனைக் கொலைகாரனாக்கிவிட்டார்கள் என்றும் புலம்பினார். கொல்லப்பட்டவர்களின் தாய்மார் வியட்நாமில். இந்தத் தாய் அமெரிக்காவில். போர்ப் பொய் இரு கரையிலும் தாய்மாரை அழவைக்கிறது.

பலன் என்ன?

"சுவாமி, இவ்வளவும் சொல்லி என்ன பலன் கிடைத்தது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மழுப்பாமல் விடை சொல்லவேண்டும்.

நீதி முழுமையாகக் கிடைக்கவில்லை. ஜெனரல் பியேர்ஸ் தலைமையிலான விசாரணைக் குழு ஏறத்தாழ 400 சாட்சிகளை விசாரித்து, நடந்தது கொலை மாத்திரமல்ல, அதை மறைத்ததும் உண்மையென்று 1970இல் அறிக்கை தந்தது. பலர்மீது குற்றம் சாட்டப்பட்டது. ஆயினும் குற்றவாளியாகக் காணப்பட்டவர் ஒருவரே. 1971 மார்ச்சில் லெப்டினன்ட் கலிக்கு 22 பேரின் கொலைக்காக ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஜனாதிபதி நிக்சனின் உத்தரவால் அவர் சிறையிலிருந்து வீட்டுக்காவலுக்கு மாற்றப்பட்டார், தண்டனை படிப்படியாகக் குறைக்கப்பட்டது, 1974இல் விடுதலையானார்.

உண்மையைச் சொன்னவர்களின் பாடும் இலகுவாக இருக்கவில்லை. தொம்சனைத் துரோகி என்றார்கள். கொலைப் பயமுறுத்தல்கள் வந்தன. இறந்த மிருகங்களை அவர் வீட்டு வாசலில் போட்டார்கள். காங்கிரசின் பலம்வாய்ந்த உறுப்பினர் ஒருவர், இந்த விடயத்தில் தண்டிக்கப்படவேண்டியவர் தொம்சனே என்ற கருத்தில் பேசினார். உண்மையைச் சொல்பவனுக்கு உடனே மாலை விழும் என்று நான் உங்களுக்குப் போதித்தால் நானும் பொய்ச்சாட்சி சொன்னவனாவேன்.

ஆனால் காலத்தைக் கொஞ்சம் நீட்டிப் பாருங்கள். 1974இல் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சு, போர்ச் சட்டங்களைப் படையினருக்குக் கற்பிக்கவும், மீறல்களை அறிவிக்கவும் புதிய ஒழுங்குகளை விதித்தது. மை லாய் விசாரணையே அதற்குத் தூண்டுதல். 1998 மார்ச் 6ஆம் திகதி, முப்பது ஆண்டுகளின் பின், தொம்சனுக்கும் கோல்பேணுக்கும், இறந்துபோன அன்ட்ரியோட்டாவுக்கும் அதே இராணுவம் பதக்கம் வழங்கியது. இம்முறை பத்திரத்தில் உண்மை எழுதப்பட்டிருந்தது. அதே மாதம் தொம்சனும் கோல்பேணும் சொன் மி கிராமத்துக்குப் போய்த் தாங்கள் காப்பாற்றிய பெண்களைச் சந்தித்தார்கள். துரோகி எனப்பட்டவர் அதிகாரிகளாகப் பயிலும் இளைஞர்களுக்கு விரிவுரை செய்ய அழைக்கப்பட்டார். அவர் 2006இல் காலமானார். 2009இல் கலி தாமும் பொதுக்கூட்டமொன்றில் தம் மனவருத்தத்தைத் தெரிவித்து மன்னிப்புக் கேட்டார். 41 ஆண்டுகள் சென்றன. என்றாலும் அந்தச் சொல் வந்தது. அவரும் 2024இல் இறந்துவிட்டார்.

சொன் மி கிராமத்தில் இன்று ஒரு நினைவாலயம் உண்டு. 504 பெயர்கள் அங்கே எழுதப்பட்டிருக்கின்றன. அறிக்கையில் 128 எதிரிகள் என்ற வெறும் எண்ணாகக் கிடந்தவர்கள் மீண்டும் பெயருள்ள மனிதரானார்கள். ஆபேலின் இரத்தம் மண்ணிலிருந்து கூப்பிட்டது என்று தொடக்கநூல் சொல்கிறது. அந்தக் கூக்குரல் மனிதர் காதில் விழவேண்டுமானால் அதற்கு ஒரு வாய் வேண்டும், ஒரு பேனா வேண்டும்.

திருச்சபை என்ன போதிக்கிறது?

இங்கே மூன்று விடயங்களைத் தெளிவாக விளங்கிக்கொள்வது நல்லது.

முதலாவது, பிறர் குற்றத்தை வெளிப்படுத்துவது பாவம் அல்லவா? ஞானோபதேசம் இரண்டு பாவங்களைப் பிரித்துக் காட்டுகிறது. இல்லாத குற்றத்தை ஒருவர்மேல் சுமத்துவது அவதூறு. அது எப்போதும் பாவம். உள்ள குற்றத்தையே தகுந்த காரணமின்றி, அதை அறியாதவர்களுக்குப் பரப்புவது புறணி, அதுவும் பாவம். ஆனால் "தகுந்த காரணமின்றி" என்ற சொற்களைக் கவனியுங்கள். குற்றமற்றவர்களின் உயிரைக் காப்பதற்கும், இழைக்கப்பட்ட அநீதிக்குப் பரிகாரம் தேடுவதற்கும் உரியவர்களிடம் உண்மையைச் சொல்வது புறணி அல்ல. அது கடமை. அந்த இடத்தில் மௌனம் காப்பதே குற்றமாகலாம். திருப்பலியின் தொடக்கத்தில் நாங்கள் செய்த பாவங்களை மாத்திரம் அறிக்கையிடுவதில்லையே. செய்யத் தவறியதையும் அறிக்கையிடுகிறோம்.

இரண்டாவது, கீழ்ப்படிதல். கட்டளைப்படி செய்தேன் என்பதே கலியின் வாதம். ஆனால் மை லாயில் வெடி கேட்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே, 1965 டிசெம்பர் 7ஆம் திகதி, இரண்டாம் வத்திக்கான் சங்கம் இன்றைய உலகில் திருச்சபை பற்றிய ஏட்டின் 79ஆம் பகுதியில் இதற்கு விடை கூறிவிட்டது. மனிதகுலத்தின் அடிப்படை நியதிகளுக்கு மாறான செயல்களும் அவற்றுக்கான கட்டளைகளும் குற்றமானவை. குருட்டுத்தனமான கீழ்ப்படிதல் அவற்றுக்குச் சாட்டாகாது. அத்தகைய கட்டளைகளை அஞ்சாமல் எதிர்ப்பவர்களின் துணிவு மிக உயர்ந்த பாராட்டுக்குரியது என்பது அதன் போதனை.

மூன்றாவது, சொல்லும் முறை. சகோதரன் குற்றம் செய்தால் முதலில் தனியே சொல், கேளாவிட்டால் ஒன்றிரண்டு சாட்சிகளோடு சொல், அதற்கும் கேளாவிட்டால் சபைக்குச் சொல் என்ற ஒழுங்கை ஆண்டவர் மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் போதிக்கிறார். இந்த மூவரின் கதையிலும் இதே ஒழுங்கு இருப்பதைக் காணலாம். தொம்சன் முதலில் மேலதிகாரியிடம் முறையிட்டார். றைடனவர் சாட்சிகளின் சொற்களைச் சேர்த்துப் பொறுப்பிலுள்ளவர்களுக்கு எழுதினார். கதவுகள் முழுதாகத் திறவாதபோது ஹேர்ஷ் சபைக்கு, அதாவது நாட்டு மக்களுக்குச் சொன்னார். கோபத்தில் கண்டபடி கத்துவது வேறு. சாட்சியம் சொல்வது வேறு.

பத்திரிகைக்காக உயிர் கொடுத்த ஒரு குருவையும் இங்கே நினைப்பது பொருத்தம். ஒல்லாந்து நாட்டுக் கார்மேல் சபைத் துறவி தீத்துஸ் பிரண்ட்ஸ்மா, கத்தோலிக்கப் பத்திரிகையாளர்களின் ஆலோசகராக இருந்தவர். நாசிகளின் பிரசாரத்தைக் கத்தோலிக்கப் பத்திரிகைகள் அச்சிடக்கூடாது என்ற ஆயர்களின் செய்தியோடு, 1942 ஜனவரியில் ஒவ்வொரு ஆசிரியரையும் நேரில் காணப் புறப்பட்டார். அம்மாதமே கைதாகி, யூலை 26ஆம் திகதி டாகாவ் வதைமுகாமில் கொல்லப்பட்டார். 2022 மே 15ஆம் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராகப் பிரகடனஞ் செய்தார். ஹேர்ஷ் உண்மையை அச்சிட்டார். தீத்துஸ் அடிகளார் பொய்யை அச்சிடாதபடி தடுத்தார். இரண்டும் ஒரே ஊழியம்.

ஒரு தரப்புக்கு மாத்திரமா?

இதை வாசித்துவிட்டு, அமெரிக்கர்களே கொடியவர்கள் என்று யாரும் முடிவு கட்டிவிடக்கூடாது. அதே 1968இல், மை லாய்க்குச் சில வாரங்களின் முன், ஹுவே நகரைக் கைப்பற்றியிருந்த கம்யூனிஸ்ட் படைகள் பெருந்தொகையான மக்களைக் கொன்று புதைத்தன. அவர்களுள் கத்தோலிக்கக் குருக்களும் இருந்தார்கள். புதைகுழிகள் பின்னர் தோண்டியெடுக்கப்பட்டன. ஆனால் கொன்ற தரப்பிலே ஒரு இளைஞனுக்கு மனச்சாட்சி உறுத்தியிருந்தாலும், அவன் யாருக்குக் கடிதம் எழுதுவான்? சுதந்திரமான பத்திரிகை ஒன்றுகூட இல்லாத நாட்டில் அந்தக் கடிதத்துக்கு விலாசமே கிடையாது.

தன் எதிரியின் குற்றத்தைச் சொல்ல எல்லோராலும் முடியும். அதற்குக் கைதட்டலும் கிடைக்கும். தன் சொந்தப் பக்கத்தின் குற்றத்தைச் சொல்வதே கடினம். இந்த மூவரும் தங்கள் சொந்த நாட்டுக்கு எதிராக அல்ல, தங்கள் நாட்டின் மனச்சாட்சிக்காகப் பேசினார்கள். எந்த இனத்தவர் செய்தாலும், எந்தக் கொடியின் கீழ் செய்தாலும், குற்றமற்றவனைக் கொல்வது ஐந்தாம் கற்பனைக்கு விரோதம். அதை மறைப்பது எட்டாம் கற்பனைக்கு விரோதம். எங்கள் பக்கம் செய்தது மாத்திரம் பாவமல்ல என்ற விதிவிலக்கு சீனாய் மலையில் கொடுக்கப்பட்ட கற்பலகைகளில் இல்லை.

எங்கள் வீட்டுக்குள்

வாசகர்களே, போர் என்றால் என்ன என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பதுங்குகுழி என்ற சொல்லை அகராதி பார்த்துப் படித்தவர்கள் அல்ல நீங்கள். 2009இல் துப்பாக்கிகள் ஓய்ந்த பின்னரும், பல வீடுகளில் சொல்லப்படாத சாட்சியங்கள் இருக்கின்றன. சுவரில் ஒரு படம் தொங்கும். அதன் கதையை மாத்திரம் யாரும் பேசுவதில்லை. பேசினால் அழவேண்டிவரும் என்று சிலர். பேசினால் ஆபத்து என்று சிலர். பேசி என்ன பலன் என்று பலர். இவர்களில் யாரையும் நான் குறைகூற மாட்டேன். பேசும்படி யாரையும் வற்புறுத்தவும் கூடாது. அவசரப்படாமல், விவேகத்தோடு, தகுந்தவர்களின் ஆலோசனையோடு செய்யவேண்டிய காரியம் இது.

ஆனால் ஒன்று செய்யலாம். ஒரு கொப்பியை எடுங்கள். நீங்கள் கண்டதை, றைடனவரின் முறையிலே எழுதுங்கள். எந்த நாள், எந்த இடம், யார் யார் இருந்தார்கள். கண்டது எது, கேள்விப்பட்டது எது என்று பிரித்து எழுதுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். உங்கள் பக்கத்தவர் செய்த பிழை இருந்தால் அதையும் எழுதுங்கள். அயலான் ஒருவன், மாற்று இனத்தவனாயினும், உங்களுக்குச் செய்த நன்மை இருந்தால் அதை மறவாமல் எழுதுங்கள். தொம்சனைப் போன்றவர்களும் சாட்சியத்தில் இடம்பெறவேண்டும். ஐந்து வயதில் கேட்ட கதையைப் பிள்ளை ஐம்பது வயதில் வேறுவிதமாகச் சொல்லும். எழுதிவைத்தது மாறாது.

வாசகனுக்கும் கடமை உண்டு. உண்மைச் செய்தி மூலையில் சில வரிகளாகக் கிடந்தபோது பக்கத்தைப் புரட்டியவர்களும் அந்த மௌனத்தில் பங்காளிகளே. ஆகவே செய்தியை நின்று வாசியுங்கள். யார் சொன்னது, கண்டவரா, கேட்டவரா என்று விசாரியுங்கள். கையிலுள்ள தொலைபேசியில் வந்து விழும் எதையும் ஆராயாமல் பத்துப் பேருக்கு அனுப்பாதீர்கள். பொய் ஒன்றைப் பரப்பும் ஒவ்வொரு முறையும், உண்மையான சாட்சி ஒருவரின் சொல்லை உலகம் நம்பாதிருக்க நாங்கள் உதவி செய்கிறோம்.

பேனா பிடிக்கும் எனக்கும் இந்தப் பாடத்தில் பங்குண்டு. ஒரு கட்டுரையைப் போடாமல் விடுவதற்கு ஆசிரியனுக்கு எப்போதும் ஒரு நல்ல காரணம் கிடைக்கும். அன்று அந்த இரு சஞ்சிகைகளுக்கும் கிடைத்திருக்கும். போட்டது எது என்று ஆண்டவர் ஒருநாள் என்னைக் கேட்பார். போடாதது எது என்றும் கேட்பார். எனக்காகச் செபித்துக்கொள்ளுங்கள்.

குடும்பமாகச் சிந்திக்க

1. எங்கள் குடும்பத்தில் யாராவது ஒருவர் கண்ட, ஆனால் இதுவரை முழுதாகச் சொல்லாத சம்பவம் உண்டா? அவர் விரும்பினால், குறுக்கிடாமல் கேட்க நாங்கள் ஆயத்தமா?

2. புறணிக்கும் சாட்சியத்துக்கும் உள்ள வேற்றுமையைப் பிள்ளைகளுக்கு எந்த உதாரணத்தால் விளக்கலாம்?

3. எங்கள் சொந்தப் பக்கத்தின் பிழையைச் சுட்டிக்காட்டிய ஒருவரை நாங்கள் துரோகி என்று அழைத்ததுண்டா?

4. சாமுவேலின் இரண்டாம் நூல் 11, 12ஆம் அதிகாரங்களை மாலைச் செபத்தின்போது சேர்ந்து வாசியுங்கள். நாத்தான் ஏன் ஒரு கதையுடன் தொடங்கினார்?

செபம்: உண்மையின் தேவனே, போரில் இறந்து பெயரற்றுப் போன யாவரின் பெயரையும் நீர் அறிவீர். கண்டதைச் சொல்லும் துணிவையும், காணாததைச் சொல்லாதிருக்கும் நேர்மையையும் எங்களுக்குத் தாரும். சொன்னதனால் துன்பப்படுவோரைக் காத்தருளும். ஆமென்.